காட்டெருமைகளுக்குப் பிடித்த படம்

பனிகொரை சமுதாயக்கூடத்தின் தகரக் கூரையை ஆடிக் காற்று தூக்கிக்கொண்டு போய் யாரோ ஒருவருடைய கேரட் தோட்டத்தில் போட்ட பிறகு, ஊர் ஃபிலிம் கிளப்காரர்கள் கூடத்தின் பின்சுவருக்கு வெள்ளையடித்து, அதன் எதிரில் இருந்த பேட்மிண்டன் மைதானத்தில் நாற்காலி போட்டு, சனிக்கிழமைதோறும் பொழுது சாய்ந்ததும் படம் காட்ட ஆரம்பித்தார்கள். அப்படிக் காட்டிய இரண்டாவதோ மூன்றாவதோ வாரத்தில், மழைக்காட்டைப் பற்றிய ஒரு படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, தேயிலைச் சரிவிலிருந்து காட்டெருமைகள் இறங்கி வந்து, ஆளுக்கொரு கொத்துப் புல்லை வாசலில் இருந்த டிக்கெட் மேஜைமேல் வைத்துவிட்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் போய் முன்னங்காலை மடித்து உட்கார்ந்து, சுவரைப் பார்க்க ஆரம்பித்தன.

பனிகொரையில் காட்டெருமையைக் கண்டு ஓடுகிறவர் வெளியூர்க்காரராகத்தான் இருப்பார். ரேஷன் கடை வாசலில் நிற்கும், ஆஸ்பத்திரி கேட்டில் முதுகைத் தேய்த்துக்கொண்டு போகும், கல்யாண ஊர்வலத்துக்கு எதிரில் வந்தால் ஊர்வலம்தான் ஒதுங்கும். முழங்காலுக்குக் கீழே வெள்ளை சாக்ஸ் போட்டது மாதிரி இருக்கிற கால்களைப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிட்டாங்க என்று கேலி பேசுவார்கள், அவ்வளவுதான். அதனால் அன்றைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. டிக்கெட் மேஜையில் இருந்த ஸ்டெல்லா டீச்சர், மேஜை ஈரமாகிறதே என்று புல்லுக்கு அடியில் ஒரு பழைய பேப்பரை விரித்தார். கிளப் செயலாளர் தேவசகாயம், டீ ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர், எதற்கெடுத்தாலும் விதி பேசுகிறவர், உறுப்பினர் அல்லாதவர்கள் கடைசி வரிசைக்குப் பின்னால் உட்கார வேண்டும் என்பது விதி, அவர்கள் விதிப்படிதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிட்டார்.

அடுத்த வாரமும் வந்தன, அதற்கடுத்த வாரமும் வந்தன. ஒரு வாரம் சிரிப்புப் படம் போட்டார்கள், எழுத்து ஓடும்போதே எழுந்து போய்விட்டன. ஒரு வாரம் காதல் படம் போட்டார்கள், வாசல்வரை வந்து வாயில் இருந்த புல்லைத் தாங்களே தின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டன. காடு, ஆறு, கடல், பறவை, மழை என்று இயற்கையைக் கொண்டாடுகிற படம் என்றால்தான் உட்காரும். கூட்டம் போடாமல், தீர்மானம் எழுதாமல், கிளப் அந்த மாதிரிப் படங்களை மட்டுமே காட்டுகிற கிளப் ஆகிப்போனது, ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த படத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்து இந்த வாரம் என்னுடையது, அடுத்த வாரம் என்னுடையது என்று சண்டை பிடித்தார்கள், காட்டெருமைகள் கடைசிவரை உட்கார்ந்து பார்த்த படம் யாருடையதோ அவர் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில்கூட தலை நிமிர்ந்து நின்றார்.

சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் பின்னால் அத்தனை பெரிய கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கண் மாறிவிடும் போலிருக்கிறது. தபால் ஆபீஸ்காரர் ஒருவர், பாட்டுப் பாடியே ஆற்றைத் திருப்புகிறவனைப் பற்றிய படத்தைக் கொண்டுவந்தார், எத்தனையோ தடவை பார்த்து அழுத படம், அதில் அவன் வீடு கட்டுகிற இடத்தில் மேளத்துக்குத் தகுந்தபடி மரங்கள் விழுந்துகொண்டே இருப்பதை மனுஷன் அன்றைக்குத்தான் பார்த்தார், பார்த்துவிட்டு ஒரு மாதம் கிளப் பக்கமே வரவில்லை. பல் டாக்டர் கொண்டுவந்த பறவைப் படத்தில், பறவையின் காலில் நூல் கட்டியிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. பின்வரிசை ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை மட்டும் வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. வாய் திறந்து திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம், முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களிடம் என்ன பேசுவது.

இப்படியாக ஊருக்குள் ஒரு கூச்சம் நுழைந்தது. லாட்ஜ் முதலாளி, வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்த கொம்புத் தலையைக் கழற்றிப் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார், அப்போதும் தூக்கம் வராமல் எடுத்துக்கொண்டு போய் ஒரு குழி வெட்டிப் புதைத்தார். டூரிஸ்ட்காரர்கள் ஓடையில் போட்டுவிட்டுப் போகிற பாட்டில்களை எப்போதும் டூரிஸ்ட்காரர்களையே திட்டிவிட்டு விட்டுவிடுகிற பெண்கள், இப்போது பேசாமல் குனிந்து பொறுக்கினார்கள். வீட்டில் யாராவது யாரையாவது உற்றுப் பார்த்தால், எதுக்கு இப்படி எருமை மாதிரிப் பாக்குறே, நான் என்ன பண்ணினேன் என்று கேட்கிற பழக்கம் வந்தது.

அத்தனை பேரிலும் அதிகமாகக் கூசியவள் லோகநாயகி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறாளே, அவள்தான்; பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்களைக்கூட தாடையை லேசாகத் தூக்கச் சொல்லி அழகாக எடுத்து அனுப்புகிறவள். கிளப்பின் ப்ரொஜெக்டர் அவளுடையது, சனிக்கிழமைகளில் அதை ஓட்டுகிறவளும் அவள். அதைவிட முக்கியம், ஊரிலேயே சொந்தமாகப் படம் எடுத்தவள் அவள் ஒருத்திதான். ‘அவர்களும் இந்த ஊர்தான்’ என்று பெயர், காட்டெருமைகளைப் பற்றிய சின்னப் படம், கோயம்புத்தூரில் ஒரு விழாவில் முதல் பரிசு வாங்கியது, பரிசு வாங்கி வந்த அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் மேளம் அடித்து மாலை போட்டார்கள். பனிகொரையில் யாரைக் கேட்டாலும், உங்களுக்குப் பிடித்த படம் எது என்றால், முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வார்கள்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. பனிக்குள்ளிருந்து ஒரு தாய் எருமை, இடது கொம்பின் நுனி உடைந்தது, கன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வரும். நேராக கேமராவை நோக்கி, பயமில்லாமல், அவசரமில்லாமல் வரும். வந்து நின்று, மெதுவாகத் தலையைத் தாழ்த்தும், நெற்றியும் கொம்பும் மட்டும் படம் முழுக்க நிறையும். அப்போது தேவசகாயத்தின் குரல், அவர்தான் பின்னணி பேசியவர், மலை தலை தாழ்த்தி மனிதனை மன்னித்த கணம் இது என்று சொல்லும். கல்நெஞ்சக்காரர்கள்கூட அந்த இடத்தில் மூக்கைச் சிந்துவார்கள். எருமையின் வாய் ஏன் படத்துக்குள் வரவில்லை என்று எந்த மகாராசனும் கேட்டதில்லை.

வாய், உப்பில் இருந்தது. லோகநாயகி வாடகைக்கு எடுத்த லென்ஸைத் திருப்பித் தர வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது, அவள் கொண்டை ஊசி வளைவுக்கு மேலே தேயிலைக்குள் விடியலில் போய்ப் போய்க் குந்தியிருந்தாள், அவை தூரத்தில் மேய்ந்துவிட்டு அப்படியே போய்க்கொண்டிருந்தன, யாரும் நெருங்கி வரவில்லை. கடைசியில், ரோட்டோரம் இருந்த பாறையில் கல் உப்பைக் கொட்டி, கேமராவை உப்புக்குச் சற்று மேலே வைத்தாள். முதல் நாள் ஒன்று வந்தது, பிறகு கூட்டமாக வந்தது, வெளிச்சம் சரியில்லை, பனி சரியில்லை என்று அவள் தினமும் கொட்டினாள், கல்யாண வீட்டில் மணப்பெண்ணைத் திரும்பத் திரும்பத் தலை குனியச் சொல்லி எடுப்பாளே அந்த மாதிரி. காட்சி கிடைத்தது. உப்பு நின்றது. ஆனால் உப்பு நின்றதை எருமைகளுக்கு யார் சொல்வது? அவை வளைவுக்கு வந்துகொண்டே இருந்தன, வெறும் பாறையை நக்கிவிட்டு ரோட்டில் நின்று காத்திருந்தன, அப்படி ஒரு பனிக்காலையில் தேயிலை லாரி ஒன்று வளைவில் திரும்பும்போது அந்தக் கன்று அடிபட்டுச் செத்தது.

ஊரே அழுதது. படத்தில் நடித்த கன்றாயிற்றே. கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும் என்று ஸ்டுடியோவுக்குத்தான் வந்தார்கள். லோகநாயகி, தான் எடுத்த படத்திலிருந்தே கன்றின் முகத்தை எடுத்து, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, மேலே மாலை போட்டு, கீழே ‘மீளாத் துயரில் பனிகொரை ஊர்மக்கள்’ என்று எழுதி அச்சடித்துக் கொடுத்தாள். லாரி டிரைவரை ஊரார் நடுரோட்டில் நிறுத்தி வைத்துத் திட்டினார்கள், அந்த ஆள் கும்பிட்டுக்கொண்டே நின்றார், அவள் ஸ்டுடியோ கதவுக்குப் பின்னால் இருந்து அதைப் பார்த்தாள். வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது நடந்து வருஷம் ஒன்றுக்கு மேலே ஆகிறது, செத்த கன்றின் நாக்கு வெளியே தொங்கின முகம் அவளுக்குச் சோற்றுத் தட்டில்கூடத் தெரிந்தது.

இப்போது அதே கூட்டம் சனிக்கிழமைதோறும் அவளுடைய ப்ரொஜெக்டருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தது. உடைந்த கொம்புக்காரியும் வந்தாள், வயிற்றுக்கு அடியில் இந்த வருஷத்துக் கன்று ஒன்று. மைதானத்துக்கு வர அதே வளைவில்தான் அவை ரோட்டைக் கடக்க வேண்டும். மற்றவர்கள் படம் பார்த்தார்கள், லோகநாயகி வளைவில் திரும்புகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊரில் எல்லாருடைய படமும் ஓடி முடிந்த பிறகு தேவசகாயம் அவளுடைய படத்தைக் கேட்டு ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்தார். அவள் முதலில் ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டது என்றாள், அவர் தன்னிடம் ஒரு காப்பி இருக்கிறது என்றார். ப்ரொஜெக்டரில் கோளாறு என்றாள், பல் டாக்டரிடம் ஒன்று இருக்கிறது என்றார். நல்ல மனுஷர், அவளை மகள் மாதிரி நினைக்கிறவர், அவளுக்கு அடக்கம் அதிகம் என்று நினைத்துக்கொண்டார்.

“நம்ம படத்தையெல்லாம் பொறுமையா உக்காந்து பாத்துட்டாங்க. அவங்க படத்தை அவங்களுக்குக் காட்டலேன்னா என்ன நியாயம், லோகாம்மா?” என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. மாலை போட்ட ஊர், மேளம் அடித்த ஊர், என்ன நினைக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள், அந்த ஒரு கணத்தில் தலை தானாக ஆடிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை உட்கார இடமில்லை. பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து ஜீப் பிடித்து வந்தார்கள், ஸ்டெல்லா டீச்சரின் மேஜை புல்லுக்குப் பத்தாமல் இன்னொரு மேஜை போட்டார்கள். படம் ஓடியது. தங்களையே சுவரில் பார்த்த எருமைகள் அசைபோடுவதை நிறுத்தின, எல்லாரும் சந்தோஷத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பனி வந்தது, பனிக்குள்ளிருந்து தாய் வந்தது, செத்துப்போன கன்று உயிரோடு பக்கத்தில் வந்தது, சுவரில் இருந்த தலை மெதுவாகத் தாழ்ந்தது, தேவசகாயத்தின் குரல் மலை மன்னித்தது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்னால் இருந்த தாய் எழுந்தது. நாற்காலிகள் விலகி வழி விட்டன. கன்றைத் தேடித்தான் போகிறது, பாவம், என்று யாரோ விசும்பினார்கள். அது கன்றைப் பார்க்கவில்லை, தன்னையும் பார்க்கவில்லை. நேராகச் சுவரடிக்குப் போய், படம் முடிகிற கோட்டுக்குக் கீழே, வெளிச்சம் படாத வெறும் சிமெண்டுத் தரையில், சுவரில் தெரிந்த நெற்றிக்கு நேர் கீழே வாய் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தில், குனிந்து நக்கியது. பின்னாலேயே எல்லாம் எழுந்து வந்தன, வரிசையாக நின்று நக்கின. நாக்கு சிமெண்டில் உரசுகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. காட்டுமிருகம் தரையை எதற்காக நக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு முகமாக ப்ரொஜெக்டர் பக்கம் திரும்பியது. மளிகைக்கடை அமானுல்லா பாய்தான் பேசினார், திட்டுகிற மாதிரிகூட இல்லை, ஏதோ கணக்குப் புரிந்துவிட்ட மாதிரி மெதுவாகப் பேசினார்.

“ஊறுகாய்க்குன்னு சொன்னியேம்மா. மூட்டையோட வாங்கிட்டுப் போனியே.”

லோகநாயகிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. காது சுட்டது, ப்ரொஜெக்டரை அணைக்கத் தடவினாள், பட்டன் கிடைக்கவில்லை, மலையின் நெற்றி சுவரில் நின்றுகொண்டே இருந்தது. ஆமாம் பாய் என்றாள். லாரிக்காரர் மேல தப்பில்லை, வளைவுக்கு வரப் பழக்கினது நான்தான், என்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தொண்டையில் இருந்தது அவ்வளவு சின்னதாகத்தான் வெளியே வந்தது.

இனி ஊர் தன்னைக் காறித் துப்பும் என்று எதிர்பார்த்தாள், ஒருவகையில் அதற்காக ஏங்கினாள் என்றுகூடச் சொல்லலாம். ஊர் என்ன செய்தது தெரியுமா? மன்னித்துவிட்டது. மறுநாளே தேவசகாயம் வந்து, அழகுக்காகத்தானே செய்தாய், பரிசு என்ன சும்மாவா கிடைக்கும், யார்தான் செய்யவில்லை என்று ஆறுதல் சொன்னார். நூல் கட்டிய பறவைப் படத்தின் பல் டாக்டர் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதுதான் எனக்கு நிம்மதி என்றார். எல்லாருக்கும் நிம்மதி. அவரவர் கூச்சத்தையெல்லாம் அவள் தலையில் இறக்கி வைத்து, அவளையும் மன்னித்தாகிவிட்டது, அப்புறம் என்ன. ஆனால் விருந்தாளிகள் வெறும் தரையை நக்கிவிட்டு ஏமாந்து போனார்களே, அது நன்றாகவா இருக்கிறது என்று கமிட்டி கூடிப் பேசி, அடுத்த சனிக்கிழமை சுவரடியில் வரிசையாக அலுமினியத் தாம்பாளம் வைத்து, அதில் கல் உப்பு நிரப்பினார்கள். அமானுல்லா பாய் சும்மாவே கொடுத்தார்.

லோகநாயகி வேண்டாம் என்றாள், வளைவைச் சொன்னாள், கன்றைச் சொன்னாள், காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். உனக்கு மனசாட்சி உறுத்துகிறது, அதனால் பயப்படுகிறாய் என்றார்கள். உப்பைத் தின்ற எருமைகளுக்கு சனிக்கிழமை மறந்துபோனது. திங்களும் வந்தன, செவ்வாயும் வந்தன, படமில்லாத வெள்ளைச் சுவருக்கு எதிரே பட்டப்பகலில் வந்து உட்கார்ந்தன, மேஜைமேல் புல் வைப்பதையும் விட்டுவிட்டன. பார்க்க டூரிஸ்ட் கார்கள் வந்து வளைவிலேயே நின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊட்டி பஸ் பிரேக் போட்ட சத்தம் ஸ்டுடியோவரை கேட்டது. லோகநாயகி செருப்பில்லாமல் ஓடினாள். பஸ்ஸின் முன்பக்கத்துக்கும் உடைந்த கொம்புக்காரியின் கன்றுக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம்தான் இருந்தது. கன்று ஒன்றும் தெரியாமல் பஸ்ஸின் பம்பரை நக்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அவள் மைதானத்துக்குப் போகவில்லை. வெயில் சாய்கிற நேரத்துக்கு முன்னாலேயே வளைவுக்கு மேலே, அவை இறங்கி வருகிற தடத்தில், முந்தானையில் கல்லைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள். கீழே மைதானத்தில் நாற்காலி போடுகிறவர்களுக்கு அவள் நன்றாகத் தெரிந்தாள். தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு கூட்டம் வந்தது, முன்னால் தாய், வயிற்றடியில் கன்று. போ, என்று கத்தினாள். யாரும் அவளுக்குப் பயப்படவில்லை. கீழேயிருந்து தேவசகாயம் என்னவோ கூப்பிட்டார், பைத்தியமா உனக்கு, உன் எருமைகள்தானே என்கிற மாதிரி கேட்டது. அவள் ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். கை கூசியதில் அது தாயின் காலடியில் போய் விழுந்தது.

தாய் நின்றது. அந்தக் கையிலிருந்து இதுவரை ஒன்றே ஒன்றுதான் விழுந்திருக்கிறது. அது குனிந்து, கல்லை முகர்ந்து, கன்றுக்கும் கொஞ்சம் இடம் விட்டு, நக்கியது.

லோகநாயகிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள், குறி தப்பக்கூடாதே. முந்தானையிலிருந்து பெரிய கல்லாகப் பார்த்து எடுத்து, கன்றின் மூக்கைப் பார்த்து ஓங்கி எறிந்தாள்.